கோமாளி வரட்டும்

தருமபுரிக் கல்லூரிக் கருத்தரங்கில் வெண்மதியின் ஐந்து வருட ஆராய்ச்சியைத் தன்னுடையதென்று வாசித்துக்கொண்டிருந்தார், அவளுடைய கைடு மாதவராஜ்.

"எந்திரிச்சுக் கேளுங்கக்கா!" என்று பக்கத்திலிருந்த சுகுணா பொருமினாள்.

"இரு சுகுணா, கோமாளி வரட்டும்."

மாதவராஜ் குரலை உயர்த்தினார். "நானூறு வருடத்துக்கு முன் ஆங்கில நாடகங்களோடு ஜெர்மனிக்குப் போன நடிகர் குழுக்கள், அந்த ஊர் மொழிக்கு அவற்றை மாற்றி, கோமாளியையும் சேர்த்தன. இதோ, நான் கண்டெடுத்த காட்சி! பிறர் ஏட்டைத் திருடிய பண்டிதனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுகிறான் கோமாளி."

அரங்கமே சிரித்தது. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த, தமிழ் தெரிந்த பேராசிரியர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "இதன் மூலப்பிரதி எங்கே இருக்கிறது?"

"உங்க ஊர்லதாங்க. நானே நேர்ல பார்த்தேன்."

வெண்மதி எழுந்து மாதவராஜைப் பார்த்தாள்.

"அங்க இல்லைங்க சார். போன மாசம் பென்னாகரம் பஸ்ல உக்காந்து, உங்களுக்குன்னே நான் எழுதுனதுங்க."