பட்டியலில் இல்லாத மாணவி

பள்ளியின் மாணவர் பட்டியலையும், பிள்ளைகள் ஆன்லைனில் கணக்கு வீட்டுப்பாடம் போடும் தளத்தையும் இணைத்துக்கொண்டிருந்தாள் கம்ப்யூட்டர் பொறியாளரான ஓர் இளம்பெண். எல்லாப் பெயர்களும் பொருந்திவிட்டன, ஒன்றைத் தவிர.

"சார், இந்தப் பொண்ணு நம்ம பட்டியல்ல இல்லையே?"

"ஆறாவதுலயே வேற பள்ளிக்கூடம் போயிட்டா. மூணு வருஷமாச்சு. அழிச்சிடுங்க" என்றார் கணக்கு வாத்தியார்.

"நேத்துகூட வீட்டுப்பாடம் போட்டிருக்கா சார். அதுவும் பத்தாம் வகுப்புக் கணக்கு."

வாத்தியார் திரையருகே வந்தார். அந்த மாணவியின் பெயரில் தொள்ளாயிரம் கணக்குகள் போடப்பட்டிருந்தன. கடைசிக் கணக்கில் அவர் பார்வை நிலைகுத்தி நின்றது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வழியில், நாலே வரியில் விடை வந்திருந்தது.

பதிவில் இருந்த எண்ணுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். எடுத்தவர் அப்பா.

"ஸ்கூல்லேருந்து பேசறோம். ஆன்லைன்ல போடற கணக்கு வீட்டுப்பாடம் பத்தி உங்க பொண்ணுகிட்ட கொஞ்சம் பேசணும்."

அவர் தயங்கினார். "அவ அதைத் தொடறதே இல்லம்மா. நான்தான் போடறேன். லாரி ஓட்டறேன். லோடு இறக்கற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கணும்? அஞ்சாவதோட நின்னவன் நான். அவ விட்ட இடத்துலேருந்து பிடிச்சுக்கிட்டேன். தப்புன்னா நிறுத்திடறேன்."

வாத்தியார் போனை வாங்கினார். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"நிறுத்திடாதீங்க. நேத்து ஒரு வழியில போட்டீங்களே, அதை எனக்குச் சொல்லித்தர முடியுமா?"