பியூஸ் போகாத பல்பு

குளியலறை குண்டு பல்பு பியூஸ் போய்விட்டதென்று மந்திரமூர்த்தி மலிவான எல்.இ.டி. ஒன்றை வாங்கி மாட்டியதிலிருந்து, அங்கே எல்லாச் சிவப்பும் மண் நிறமாகத்தான் தெரிந்தது. இன்று நெடுநேரம் இருமிவிட்டு அவர் வாஷ்பேசினில் துப்பியதை மனைவி வடிவு குனிந்து பார்த்தாள்.

"வெத்தலச் சாறுதான்" என்றார்.

அவள் பரணிலிருந்து பழைய பல்பை எடுத்துவந்து காதருகே ஆட்டினாள். பியூஸ் போனதென்றால் உள்ளே கம்பி கிலுகிலுக்கும். இதில் சத்தமே இல்லை.

சுவிட்ச்சை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி எல்.இ.டி.யைக் கழற்றினாள். இருட்டிலேயே குண்டு பல்பை மாட்டி இறங்கினாள். சுவிட்ச்சுக்குப் போன அவள் கையை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வெத்தலதானேங்க? விடுங்க."

இருட்டில் வாஷ்பேசின் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.