சீயக்காய் வைத்தியம்

“ரவிக்கையைக் கழட்டு மது. நானே தேய்ச்சு விடுதேன்.”

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு நின்றாள் தங்கம். கிண்ணத்தில் சீயக்காய்ப் பொடி குழைந்திருந்தது. மதுமதி சோபாவின் மூலைக்கு நகர்ந்து தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“வேண்டாம் மதினி, ப்ளீஸ்.”

“நாத்தனார்கிட்ட என்னட்டி வெக்கம்?”

தங்கத்தின் தம்பி சதாசிவம் சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்றார். “முதல்ல காபியக் குடி அக்கா” என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மகனுக்கு டெல்லிக்கு மாற்றலானதால், தங்கம் திருநெல்வேலியிலிருந்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போன வாரம் தம்பியைப் பார்க்க ஜனக்புரிக்கு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. போனில் விசாரித்தாள். “மார்புல கட்டி. கேன்சர். ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. இப்ப சிகாயி நடக்குது. ஊர்ல யார்ட்டயும் சொல்லிராதக்கா” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு சதாசிவம் போனை வைத்துவிட்டார்.

“கேட்ல இருக்க வாட்ச்மேனும் அதத்தான் சொன்னான்” என்றாள் தங்கம். “‘உன்கீ சிகாயி சல் ரஹீ ஹை’ன்னான். ஹிந்திக்காரன் வாயில நம்ம சீயக்கா சிகாயி ஆயிட்டு, அவ்வளவுதான். ‘உன்கா’ன்னா ஆம்பளைக்கு, ‘உன்கீ’ன்னா பொம்பளைக்கு. சாயங்கால ஹிந்தி கிளாஸ்ல முத வாரமே சொல்லிக் குடுத்துட்டாங்கல்லா?”

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மதுமதி அந்த இலக்கணத்தைத் திருத்த வாயெடுத்தாள். வாசலில் நின்ற சதாசிவம் கண்ணாலேயே கும்பிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“இது சீயக்காய் இல்ல மதினி. ஊர்ல கரண்ட் வைக்கறதுன்னு சொல்வாங்கள்ல, அந்தக் கதிர்வீச்சுக்கு இங்க சிகாயின்னு பேர். ஒத்தடத்துக்கும் அதே வார்த்தைதான்.”

“கரண்டா! அப்ப தோலு வெந்துல்லா போகும்? நல்லவேளை, கஸ்தூரி மஞ்சளும் சேத்துக் கொழச்சிருக்கேன். வா இங்க.”

கிண்ணம் நெருங்கியது. சதாசிவம் குறுக்கே பாய்ந்தார்.

“அக்கா, அதெல்லாம் படவே கூடாது! வெதுவெதுன்னு தண்ணி ஊத்தணும். மெத்துனு ஒரு துண்டால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. பவுடர், சென்ட், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். டாக்டர் குடுத்த களிம்பு மட்டும்தான். ஊதா மையில கோடு போட்டிருக்காங்க, அதுவும் அழியக் கூடாது.”

“அரிச்சா?”

“சொறியக் கூடாது. அதுதான் பெரிய கொடுமை. ராத்திரி உசுரே போயிரும்க்கா!”

“உனக்கு எப்படில தெரியும்?”

“ஒரே ரூம்லதான படுக்கோம்” என்று குரலை இறக்கினார் சதாசிவம். மதுமதிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“இன்னும் ஒரு வாரம் மதினி” என்றாள் இருமல் அடங்கியதும். “அதுவரைக்கும் தோல் தாங்கிட்டா முடிஞ்சுது. புண்ணாச்சுன்னா நடுவுல நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அதான் எங்களுக்கு பயமே.”

தங்கம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

“ஊர்ல யார்ட்டயும் மூச்சு விடலை. அத்தைகிட்ட மட்டும்தான் சொன்னேன். அத்தை அத வாட்ஸாப் குரூப்ல போட்டா நான் என்ன செய்ய?”

சதாசிவம் டம்ளரை டக்கென்று மேஜையில் வைத்தார். “என்னன்னு போட்டிருக்கா?”

“மதுமதிக்கு உடம்பு சரியில்ல, எல்லாரும் வேண்டிக்கிடுங்கன்னு.”

“அப்பாடா” என்றார் சதாசிவம்.

“என்னது?”

“அப்பா... அப்பாவும் பாத்திருப்பாங்களேன்னு சொன்னேன்.”

“அதான் காலைலேர்ந்து எல்லாரும் எனக்கு போன் பண்ணி அழறாங்களா!” என்று மதுமதி கணவனை முறைத்தாள்.

தங்கம் பையிலிருந்து மாதுளம்பழங்களை எடுத்து மதுமதியின் மடியில் வைத்தாள். “ரத்தம் ஊறும். உடம்புக்கு முடியாதவ, நீ மட்டும் தின்னு. இவனுக்கு ஒரு முத்துகூடக் குடுக்காத.” சதாசிவம் பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தங்கம் தம்பியின் பக்கம் திரும்பினாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஐயோ பாவம், பொண்டாட்டியப் பத்தின கவலையில இவன் கோலத்தைப் பாரேன். தொளதொளன்னு ஒரு குர்தா. அதையும் உள்ள வெளியா மாத்திப் போட்டிருக்கான், தையலெல்லாம் வெளிய நிக்கி. இப்படியேவா தெருவுல போயிட்டு வார? கழட்டுல, திருப்பிப் போட்டு விடுதேன்.”

“இருக்கட்டும்க்கா.”

“கழட்டுங்கேன்லா?”

சதாசிவம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஓடினார். ஓடும்போதும் இடது கையை உடம்பில் படாமல் அகட்டியே வைத்திருந்தார். தங்கம் மறுபக்கமாக வந்து மடக்கி, குர்தாவின் விளிம்பை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துவிட்டாள்.

“கூடப் பொறந்தவகிட்ட என்னல வெக்கம்? தூக்கு கைய!”

மதுமதி எழுந்த வேகத்தில் மாதுளம்பழங்கள் தரையெங்கும் உருண்டன. ஓடிவந்து நாத்தனாரின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க மதினி! ‘உன்கீ’ சிகாயிங்கற வார்த்தைக்கு, சிகாயி இவருக்கு!”