ஹெல்மெட் போடாத குருநாதன்

“பாய், எங்க வீட்டுக்காரர நீங்க வேணும்னே ஒதுக்குறீக!”

புதுமடம் கடற்கரை மணலில் பைக் ரேஸ் தொடங்கும் நேரம். கோப்பைக்கான ரேஸ். வழிமறித்து நின்ற ராமலெட்சுமியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார் கிளப் செயலாளர் சதக்.

“நான் என்னம்மா செய்ய? ரோட்டுல ஹெல்மெட் இல்லாமப் போனா அந்த ஞாயித்துக்கிழமை மணல்ல ஓட்டக் கூடாது. எல்லாரும் சேந்து போட்ட சட்டம். ஒம் புருஷனுந்தான் கையத் தூக்குனான்.”

“இவரு போனத யாரு பாத்தா?”

“பேரு சொல்லல. உச்சிப்புளி ரோட்டுல பாத்தேன்னு போன் வந்துச்சு. மூணு வாரமா இதே கூத்துதான்.”

“எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் பேசிருக்கான். முடிவெட்டப் போனாக்கூட ஹெல்மெட்டோட போற மனுஷன் பாய் இவரு!”

“அவன்கிட்டயே கேட்டேன். ஆமான்னு ஒத்துக்கிட்டானே!”

ராமலெட்சுமி கணவன் பக்கம் திரும்பினாள். போன வருஷம் கோப்பை வாங்கிய குருநாதன், வண்டியைப் பிடித்தபடி குனிந்து நின்றான்.

“ஒத்துக்குவாரு! யாரு என்ன கேட்டாலும் ஆமான்னுருவாரு. ரெண்டு வாரம் பொறுத்துட்டேன். இன்னைக்கு எங்க அய்யா, அண்ணன்மாரு எல்லாரும் வேன் புடிச்சு வந்து ஒக்காந்துருக்காக. அவுக முகத்துல நான் எப்படி முழிக்க? இவரு ஓட்டலைன்னா ஒருத்தரும் ஓட்டக் கூடாது!”

சொன்னதோடு நிற்காமல், பாதையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் நின்ற வண்டிகள் உறுமின. கூட்டம் விசில் அடித்தது. இவளோடு மல்லுக்கட்டுவதற்குக் கடலில் போய் விழலாம் என்று இருந்தது சதக்குக்கு. சட்டம் போட்ட நாளையே சபித்தார்.

“எந்திரிம்மா தாயே! ஓட்டட்டும், ஓட்டித் தொலையட்டும்!”

அவள் துள்ளி எழுந்து, அண்ணன்மாரிடம் சொல்ல ஓடினாள்.

குருநாதன் மெல்ல வந்து சதக்கின் கையைப் பிடித்தான்.

“என்ன பாய், இப்படிக் கவுத்துப்புட்டீக? போன மாசம் விழுந்ததுல இருந்து, வண்டிய மணல்ல எறக்குனாலே எனக்குக் கை காலு நடுங்குது. அவகிட்டச் சொல்ல வெக்கமா இருக்கு.” சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “குரல மாத்தி ஒங்களுக்குப் போன் பண்ணுனதே நான்தான், பாய்!”