ஸ்டெல்லாவின் கண்ணாடி

பூங்கோதைக்கு வந்திருப்பது மனச்சிதைவு என்று டாக்டர் சொன்னபோது அவள் கணிதத்தில் ஆராய்ச்சி மாணவி. மாத்திரையை விழுங்கிக்கொண்டே பேராசிரியையும் ஆகிவிட்டாள். குரல்கள் குறைந்தனவே தவிர, போய்விடவில்லை. அதனால் அவள் எங்கே பேசப் போனாலும் தோழி ஸ்டெல்லா முதல் வரிசையில் உட்காருவாள். காதில் ஏதாவது விழுந்தால் பூங்கோதை அவளைப் பார்ப்பாள். ஸ்டெல்லா மூக்குக்கண்ணாடியைத் தொட்டால் சத்தம் நிஜம். தொடாவிட்டால், காதில் வாங்காமல் மேலே பேச வேண்டியதுதான்.

அன்று, இத்தனை காலம் யாருக்கும் பிடிகொடுக்காத ஒரு கணக்கைக் கடைசி வரிவரை பலகையில் போட்டு முடித்துவிட்டு அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். கூரையே பிய்த்துக்கொண்டு போவதுபோல் கைதட்டல். இவ்வளவு பெரிய சத்தத்தை அவள் மண்டை இதுவரை கிளப்பியதில்லை. அவசரமாக ஸ்டெல்லாவைத் தேடினாள். அவளோ எழுந்து நின்று, கண்ணில் நீர் வழிய, இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் நினைப்பே இல்லை. இவள் நிற்பதும் தட்டுவதும்கூட மண்டை காட்டும் வேடிக்கையாக இருந்தால்? பூங்கோதை மைக்கைப் பிடித்துக் கத்தியேவிட்டாள்.

“ஏய் ஸ்டெல்லா, கண்ணாடியைத் தொடுடி!”

அரங்கம் சட்டென்று அடங்கியது. அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். ஸ்டெல்லாவின் கை பதறிக்கொண்டு கண்ணாடிக்குப் போனது. பூங்கோதை அதற்குக் காத்திருக்கவில்லை, சிரிக்க ஆரம்பித்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கத்தியதற்காக மண்டைக்குள் எந்தக் குரலும் வாயை மூடியதில்லை.