மணி அடிக்காதவள்

"ஆம்பளப் பிள்ளைன்னா உசத்தி, பொம்பளப் பிள்ளைன்னா மட்டமா? கேக்குறேன், பதில் சொல்லுங்க!"

ஆசிரியர் அறைக் கதவைக்கூடத் தட்டவில்லை அம்மா. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சண்டைக்கென்றே வந்திருந்தாள்.

கணக்கு டீச்சர் நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோபம் இறங்கிவிடுமே!

"ரெட்டைப் பிள்ளைங்க. ரெண்டும் உங்க ஸ்பெஷல் கணக்கு வகுப்புலதான் இருக்கு. பொண்ணுதான் எப்பவும் முதல். போட்டின்னு வந்தா மட்டும் பையன் கேப்டனா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

"நான் உங்க பொண்ணைத்தான் சொன்னேம்மா. அவதான், 'தம்பிக்கே குடுங்க மிஸ், எனக்கு அவ்வளவு வராது'ன்னுட்டா."

"வராதா? அவளுக்கா? நீங்கள்லாம் மட்டம் தட்டித் தட்டியே என் பிள்ளையை இப்படி ஆக்கி வச்சிருக்கீங்க. நான் சும்மா விடப் போறதில்ல!"

டீச்சர் எழுந்தார். "வாங்க, நீங்களே பாருங்க" என்று வகுப்புக்கு அழைத்துப் போனார். அங்கே போட்டிக்குப் பயிற்சி. ஆளுக்கொரு மணி. விடை தெரிந்தவர் முதலில் அடிக்க வேண்டும்.

டீச்சர் ஒரு கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் மகள் விடையை எழுதிவிட்டாள். ஆனால் கை மணிப் பக்கமே போகவில்லை. தம்பிக்காரன் டிங்கென்று அடித்து எதையோ சொன்னான். தப்பு.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூளைக்காரப் பய! அவசரம்தான் அவனைக் கெடுக்குது."

டீச்சர் மகளின் தாளை எடுத்து நீட்டினார். "இதுதாம்மா சரியான விடை."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏண்டி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே?"

"தப்பா இருந்துட்டா?"

"இருந்தா என்ன, தலையா போயிடும்? இந்த டீச்சருங்க திட்டுவாங்களா? அம்மா இருக்கேன், பயப்படாம சொல்லு!"

"டீச்சர் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா."

"பின்னே யாருக்குடி பயப்படுறே?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் தப்பா சொன்னாக்கூட மூளைக்காரன்ங்கிறே. நான் நூத்துக்கு நூறு வாங்கினாலும், 'பாவம், விழுந்து விழுந்து படிக்கிறா'ன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்றே? நானும் தப்பா சொல்லிட்டா... அப்போ என்னை என்னன்னும்மா சொல்லுவே?"