சிவப்புக் கோடு

"மௌத்தான மனுசன்ட தலையில பழியைப் போடுறாங்க. மகன் நீ, கேட்டுக்கிட்டு நிக்கிறாய்."

குசினி வாசலில் வைத்து றுஷ்னா அஸ்ஜத்திடம் கேட்டாள்.

அவனுடைய வாப்பா பதுர்தீனின் மையித்தைக் கடல் ஒதுக்கி, அடக்கம் செய்து ஒரு கிழமை. முன் ஹோலில் மீனவர் சங்கத்தார் இருந்தார்கள்.

"புயல் மெசேஜ் வந்தும் போயிருக்கார். பிடிவாதம்," என்று ஒருவர் சொல்வது இங்கே கேட்டது.

அந்த மெசேஜை அனுப்புகிற ஜாவா புரோகிராமைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததே அஸ்ஜத்தான். அவனோடு கம்பஸில் படிக்கும் றுஷ்னா நேற்று அதைத் திறந்து பார்த்திருந்தாள்.

"கம்பஸில படிக்கிற நேரமே சொன்னன். வகைக்குப் பதிலாக் கேள்விக்குறி போட்டா, 'ஏதோ ஒரு வகைப் படகுட பட்டியல்' எண்டு அர்த்தம். எந்த வகையெண்டு, புரோகிராமைச் சரிபார்க்கிற கம்பைலருக்குத் தெரியாது. அதால உள்ளுக்கு இருக்கிறதை எடுத்துப் பார்க்க விடும், புதுசாப் போட விடாது. அது எஞ்சின் படகுப் பட்டியல். நீ அதுக்குள்ள எஞ்சின் இல்லாத தோணியைத் திணிச்சாய்."

"பிழையெண்டு சிவப்புக் கோடு வந்ததுதான்..."

"ஏன் வருதெண்டு விளங்கிக்கொள்ளாம, வகையை மாத்திக் காட்டி அதுட வாயைப் பொத்தினாய். எஞ்சின் படகுகளுக்கு மெசேஜ் போன. முதல் தோணியில புரோகிராம் நிண்டிட்டு. புயலண்டைக்குக் கடலுக்குப் போன ஒரே தோணி உன்ட வாப்பாட."

"தெரியும்," என்றான் அஸ்ஜத். "வாப்பாவைத் தேடப் போன அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருக்கிறாய்? போய்ச் சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன்."

அவன் ஹோலுக்குப் போனான். றுஷ்னாவும் பின்னால் போனாள். சங்கத் தலைவர் லத்தீப் ஹாஜியார் நிமிர்ந்து பார்த்தார்.

"வாப்பா பிடிவாதத்தில போகல்ல. அந்த மெசேஜ்..."

"மெசேஜ் வந்த, லத்தீப் நானா."

குரல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கணவன் மௌத்தானதால் திரைக்குள் இத்தா இருக்கும் அவனுடைய உம்மா, றஹ்மத் உம்மா.

"சுபஹுத் தொழுகைக்கு முந்தி நான்தான் வாசிச்சுக் காட்டின. போகாதீங்க எண்டு வாசல்வரைக்கும் வந்து சொன்ன. அவர் கேக்கல்ல. மகன்ட வேலையில ஒரு பிழையுமில்ல."

"உம்மா," என்றான் அஸ்ஜத்.

றுஷ்னா வாய் திறந்தாள். லத்தீப் ஹாஜியார் அவளைப் பார்க்காமலே கையை உயர்த்தி, திரையின் பக்கம் பேசினார்.

"ஓம் தங்கச்சி. எங்களுக்குத் தெரியாதா? பதுர்தீன் எப்ப ஆர்ட கதையைக் கேட்டிருக்கார்?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

புயலுக்கு முன்பே மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் பாலாவி ஊருக்குப் போயிருந்த றஹ்மத் உம்மாவுக்கு மௌத்துச் செய்தி சொல்லி, வேனில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தவர்கள்தான் அந்தக் கதிரைகளில் இருந்தார்கள்.